மண்ணெண்ணெய் ஹீட்டருக்கு எண்ணெய் ஏறவில்லையா? கேனில் தொடங்கி திரி வரை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்

ஹீட்டர் பற்றுகிறது, பத்து நிமிடம் நன்றாக எரிகிறது, அப்புறம் சோர்ந்து போய் அணைந்துவிடுகிறது. மண்ணெண்ணெய் ஹீட்டர் இருக்கும் வீடுகளில் டிசம்பர் கடைசியில் கேட்கிற புகார் பெரும்பாலும் இதுதான். உடனே எல்லாரும் கை வைப்பது திரியில். கத்தரிக்கோலை எடுத்து நுனியை வெட்டுவார்கள், திரியை ஏற்றி இறக்கும் நாபைத் திருகி இன்னும் மேலே ஏற்றுவார்கள், அதுவும் சரிப்படவில்லை என்றால் புதுத் திரி தேடி டெல்லியின் சாவ்டி பஜார், சதர் பஜார் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைப்பார்கள். என்னைக் கேட்டால் திரியைக் கடைசியில்தான் தொட வேண்டும். எண்ணெய் கேனிலிருந்து கிளம்பி தீயாகிற வரைக்கும் ஒரு பாதை இருக்கிறது, அந்தப் பாதையை முதலிலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தால் எங்கே நிற்கிறது என்று தானாகத் தெரிந்துவிடும், பாதி நேரம் அது திரிக்கு வருவதற்கு முன்பே கிடைத்துவிடும்.

டெல்லிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே வீடுகள் வெயிலுக்காகக் கட்டியவை, குளிருக்கு இல்லை. மொசைக் தரை, இடுக்கு விட்ட ஜன்னல், சுவரில் எந்தக் காப்பும் கிடையாது. 2021 ஜனவரி 1 அன்று சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1.1 டிகிரி பதிவானது. ஆர்.கே. புரம், ஜனக்புரி, மயூர் விஹார் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் கரண்ட் ஹீட்டர்தான், ஆனால் பழைய வயரிங்கில் கீஸரும் ஹீட்டரும் சேர்ந்து ஓடினால் எம்.சி.பி. விழுந்து கரண்ட் போய்விடும். அதனால் மண்ணெண்ணெய் ஹீட்டரை விடாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஜப்பானிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்தது, தூதரகக் குடும்பங்கள் ஊர் மாறும்போது விற்றுவிட்டுப் போனது, ராணுவத்தில் இருந்தவர்கள் லடாக் பக்கம் பழகிய புகாரி என்கிற கணப்பு அடுப்பு, இப்படி ஏதோ ஒரு வழியில் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. விற்றவரிடம் கையேடு கேட்டால் ஜப்பானிய மொழியில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த வகை

பெரும்பாலான வீடுகளில் இருப்பது திரி ஹீட்டர். அதிலேயே இரண்டு ரகம். ஒன்று செவ்வக வடிவம், முன்னால் கம்பி வலை, பின்னால் பளபளப்பான தகடு, பக்கவாட்டில் ஒரு கழற்றும் டேங்க். இன்னொன்று உருண்டையாக நடுவில் நிற்கிற வகை, கழற்றும் டேங்க் கிடையாது, அடிப்பாகமே டேங்க், திரி நேரடியாக அதற்குள் நிற்கும். இந்தக் கட்டுரை முக்கியமாக இந்த இரண்டுக்கும்தான். பம்ப் அடிக்கும் வகைக்கும் புகாரிக்கும் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

கழற்றும் டேங்க் வகையில் எண்ணெய் எப்படி இறங்குகிறது என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. டேங்கை நிரப்பி, மூடியைத் திருகி, தலைகீழாகக் கவிழ்த்து உள்ளே வைக்கிறோம். மூடியின் நடுவில் ஸ்பிரிங் வைத்த ஒரு சின்ன வால்வு. ஹீட்டருக்குள் இருக்கும் குச்சி அதை மேலே தள்ளும், எண்ணெய் கீழ்த்தொட்டிக்கு இறங்கும். மட்டம் உயர்ந்து மூடியின் வாயை மறைத்ததும் காற்று உள்ளே போக வழியில்லாமல் எண்ணெய் தானாக நின்றுவிடும். கோழிக்குத் தண்ணீர் வைக்க பாட்டிலைத் தட்டில் கவிழ்ப்பார்களே, அதே சங்கதிதான். எரிய எரிய மட்டம் இறங்கும், ஒரு குமிழி காற்று உள்ளே போகும், 'குடுக்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் எண்ணெய் இறங்கும். அந்த 'குடுக்' சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். அது நின்றுவிட்டது என்றால் மேலே இருந்து எண்ணெய் வரவில்லை என்று அர்த்தம்.

இதில் எந்த வேலை செய்வதாக இருந்தாலும் ஹீட்டர் அணைந்து முழுசாக ஆறியிருக்க வேண்டும். ஆறுவதற்கு ஒரு மணி நேரமாவது விடுங்கள். பால்கனியிலோ மொட்டைமாடியிலோ வைத்து, கீழே பழைய செய்தித்தாள் விரித்து, பக்கத்தில் பூஜை விளக்கோ சிகரெட்டோ இல்லாமல் செய்யுங்கள்.

எண்ணெயைச் சோதியுங்கள்

இதில்தான் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன், ஏனென்றால் டெல்லியில் நல்ல மண்ணெண்ணெய் கிடைப்பதே ஒரு பாடு. 2014இல் டெல்லியை மண்ணெண்ணெய் இல்லாத நகரமாக அறிவித்தார்கள், ரேஷன் கடையில் ஊற்றுவது நின்று போனது. இப்போது வெளிச்சந்தையில் வாங்குவதுதான் வழி. கடைக்காரரிடம் 'மிட்டி கா தேல்' என்று கேட்டால் சில இடங்களில் நிஜமான வெள்ளை மண்ணெண்ணெய் வரும், சில இடங்களில் பெயின்ட் கடைச் சரக்கான டர்பன்டைன் வரும், இன்னும் சில இடங்களில் இரண்டும் கலந்து ஏதோ ஒன்று வரும். நீல நிறமாக இருந்தால் அது மானியத்தில் ரேஷனுக்கு என்று சாயம் போட்டது, எங்கிருந்தோ தப்பி வந்திருக்கிறது, வாங்குவது சட்டப்படியும் தப்பு, அந்தச் சாயம் திரியில் தங்குவது வேறு.

கண்ணாடி பாட்டில் ஒன்றில் கால் லிட்டர் ஊற்றி, மூடி, ஆடாமல் சில மணி நேரம் வைத்துவிடுங்கள். ராத்திரி வைத்துக் காலையில் பார்த்தால் இன்னும் நல்லது. நல்ல மண்ணெண்ணெய் தண்ணீர் மாதிரி தெளிவாக, நிறமே இல்லாமல் இருக்கும். மஞ்சள் தட்டினால் பழசு, வெயிலில் கிடந்தது அல்லது போன வருஷத்துச் சரக்கு. கலங்கலாக இருந்தால் உள்ளே ஈரம். அடியில் தனி அடுக்காக ஏதாவது நின்றால் அது தண்ணீர். மண்ணெண்ணெயின் அடர்த்தி 0.8 சுற்றுவட்டம், தண்ணீர் அதைவிடக் கனம், அதனால் எப்போதும் அடிக்குத்தான் போகும். இது எளிய விஷயம் மாதிரி தெரியும், ஆனால் இதனால்தான் ஹீட்டருக்குள் நுழைகிற தண்ணீர் எல்லாம் திரியின் கால்மாட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

அடுத்து வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். மண்ணெண்ணெய் மெதுவாகக் காய்ந்து அநேகமாகத் தடம் இல்லாமல் போய்விடும். மணிக்கணக்கானாலும் எண்ணெய்க் கறை அப்படியே இருந்தால் டீசல் கலந்திருக்கிறது. ஒரு நிமிடத்தில் மாயமாக மறைந்து, மூக்கில் பெட்ரோல் பங்க் வாசனை அடித்தால், தயவுசெய்து அந்தக் கேனை ஹீட்டர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். இதில் விட்டுக்கொடுக்க இடமே கிடையாது. நம் ஊர் மண்ணெண்ணெய்த் தரமான ஐ.எஸ். 1459, தீப்பற்றும் ஆவி வருகிற வெப்பநிலை 35 டிகிரிக்குக் குறையக் கூடாது என்கிறது. பெட்ரோலுக்கு அது சைபருக்குக் கீழே சுமார் 40 டிகிரி. ஒரு டம்ளர் பெட்ரோல் கலந்தாலே கீழ்த்தொட்டியில் ஆவி சேர்ந்து, நீங்கள் நாபை இறக்கினாலும் தீ இறங்காது. பெட்ரோல் வைத்திருந்த கேனில் மண்ணெண்ணெய் வாங்குவதும் இதே கணக்குதான்.

தரமான சரக்கே கிடைத்தாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜப்பானில் ஹீட்டருக்கு விற்கும் முதல் ரக மண்ணெண்ணெயில் கந்தகம் 0.008 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. நம் ஐ.எஸ். தரம் 0.25 சதவீதம் வரை விடுகிறது, அதாவது முப்பது மடங்கு. புகையாமல் எவ்வளவு உயரம் தீ நிற்கும் என்று ஒரு அளவு உண்டு, அது அங்கே குறைந்தது 23 மில்லிமீட்டர், இங்கே 18. நம்முடையது விளக்குக்கும் அடுப்புக்கும் போட்ட தரம், அதற்கு அது போதும். ஆனால் டோக்கியோவில் மூன்று நான்கு குளிர்காலம் தாங்கிய திரி இங்கே ஒரே சீசனில் கருகிக் கட்டிதட்டுவதற்குக் காரணம் இதுதான், ஹீட்டரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

மயூர் விஹாரில் எங்களுக்குத் தெரிந்த ஒரு மாமா, மத்திய அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு ராத்திரி போன் செய்தார். "ஏம்ப்பா, இந்த ஹீட்டர் பத்து நிமிஷத்துல தூங்கிடறது, திரி போயிடுத்துன்னு நெனைக்கிறேன், புதுசு எங்க கிடைக்கும்?" "மாமா, திரி இருக்கட்டும், எண்ணெயை எதுல வாங்கினேள்?" என்றால், ரெண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் என்றார். போய்ப் பார்த்தபோது பாட்டில் ஜன்னல் திட்டில் நின்றுகொண்டிருந்தது. டார்ச்சைப் பின்னால் பிடித்ததும் அடியில் ஒரு விரல்கடை உயரத்துக்கு வேறு ஒரு கோடு தெரிந்தது, பாட்டிலைச் சாய்த்தால் அந்தக் கோடும் தனியாகச் சாய்ந்தது. பாட்டிலைக் கழுவி ஈரத்தோடு கொண்டுபோனாரா, கடையில் ஊற்றியதிலேயே இருந்ததா என்று யார் கண்டது. திரியில் ஒரு குறையும் இல்லை.

தண்ணீர் பாட்டிலில் வாங்காதீர்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும், குழந்தை எடுத்துக் குடித்துவிடும். அப்படி நடந்தால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது, எண்ணெய் மேலே வரும்போது நுரையீரலுக்குள் போய்விடும், அதுதான் உயிருக்கு ஆபத்து. நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கெட்டியான, வெளிச்சம் புகாத கேன் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி, மேலே மார்க்கரில் எழுதி, மூடியை இறுக்கி, எட்டாத இடத்தில் வையுங்கள்.

கழற்றும் டேங்கும் அதன் மூடியும்

எண்ணெய் சரி என்று தெரிந்ததும் டேங்குக்கு வாருங்கள். பாதி நிரப்பி, மூடியை இறுக்கி, ஒரு பேசின் மேலே கவிழ்த்துப் பிடியுங்கள். ஒரு நிமிடம் எதுவும் சொட்டக் கூடாது. சொட்டினால் வால்வில் தூசி மாட்டியிருக்கிறது அல்லது மூடியின் ரப்பர் வாஷர் வெடித்துவிட்டது. இப்போது ஒரு குச்சியால் நடு வால்வை மேல்நோக்கி அழுத்துங்கள். குடுக் குடுக் என்று எண்ணெய் கொட்ட வேண்டும். விட்டதும் டக்கென்று நிற்க வேண்டும். அழுத்தியும் மெல்லிசாக ஒழுகினால் வால்வுக்கு மேலே இருக்கும் சின்ன வலை அடைத்திருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தால் போய்விடும். ஊசி விட்டுக் குத்தாதீர்கள், வலை கிழிந்தால் குப்பை எல்லாம் கீழே இறங்கும்.

எண்ணெய் வராததை விட அதிகமாக வருவது மோசம், இதைப் பலர் கவனிப்பதில்லை. டேங்கில் துருப்பிடித்து ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலே போதும், அது வழியாகக் காற்று தொடர்ந்து உள்ளே போகும், எண்ணெய் நிற்க வேண்டிய மட்டத்தில் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருக்கும், கீழ்த்தொட்டி வழிந்து தரையில் ஓடும். ஹீட்டருக்கு அடியில் ஈரம் கண்டால் முதலில் டேங்கை வெளியே எடுத்துவிட்டு அப்புறம் யோசியுங்கள். ஓட்டையைச் சோதிக்க, காலி டேங்கின் மூடியை இறுக்கி, ஒரு பக்கெட் தண்ணீரில் அமுக்கினால் குமிழி வரும் இடம் தெரிந்துவிடும், ஆனால் அப்புறம் மூடியைக் கழற்றி வெயிலில் நன்றாகக் காயவைக்காமல் எண்ணெய் ஊற்றிவிடாதீர்கள். ஓட்டை டேங்குக்கு எம்-சீல் வைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் மாட்டேன். அந்த டேங்க் குப்பைக்குத்தான்.

தரை மட்டமும் இதில் சேர்த்தி. ஹீட்டர் ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் கீழ்த்தொட்டியில் எண்ணெய் ஒரு மூலைக்குப் போகும், தீயும் ஒரு பக்கம் ஓங்கி ஒரு பக்கம் படுக்கும். போனில் மட்டம் பார்க்கும் ஆப் இருக்கிறது, அதை ஹீட்டர் மேலே வைத்துப் பாருங்கள். கார்ப்பெட் மேலே வைப்பது எல்லா விதத்திலும் தப்பு.

கீழ்த்தொட்டியும் சல்லடையும்

டேங்கை எடுத்ததும் அது உட்கார்ந்திருந்த குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே உள்ளங்கை அளவுக்கும் குறைவாக ஒரு சல்லடைக் கிண்ணம் இருக்கும், விரலால் தூக்கினால் வந்துவிடும். டெல்லி தூசி எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பஞ்சு மாதிரி அழுக்கு, துருத்துகள், ஒரு எறும்பு கூட இருக்கலாம். இந்தச் சல்லடையின் கண்கள் மிகச் சின்னவை, தண்ணீர்ச் சொட்டு அதில் மாட்டிக்கொண்டால் எண்ணெயைப் போக விடாது. அதனால் பார்க்கச் சுத்தமாக இருந்தாலும் மண்ணெண்ணெயில் அலசி, உதறி, காற்றில் காயவைத்துத் திருப்பி வையுங்கள். குழாய்த் தண்ணீரில் கழுவவே கழுவாதீர்கள்.

கீழ்த்தொட்டியில் மிச்சம் இருப்பதைக் கைப்பம்பால் உறிஞ்சி எடுங்கள். ஹீட்டரோடு சிவப்புத் தலை வைத்த பிளாஸ்டிக் பம்ப் ஒன்று வந்திருக்கும். இல்லையென்றால் மெடிக்கல் ஷாப்பில் பெரிய சிரிஞ்சு வாங்கி, மீன்தொட்டிக்குப் போடும் குழாய்த்துண்டை மாட்டினால் அதே வேலையைச் செய்யும். வாயால் உறிஞ்சுகிற வேலை வேண்டாம். எடுத்ததை மறுபடி கண்ணாடி பாட்டிலில் விட்டுப் பாருங்கள். அடியில் முத்து முத்தாக உருளுவது தண்ணீர். கடைசிச் சொட்டு வரை எடுக்க, டிஷ்யூ காகிதத்தை முறுக்கி மூலைகளில் ஒற்றி எடுங்கள்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், கெட்ட சரக்கு தவிர இன்னொரு வழியும் உண்டு. டேங்கைப் பாதி காலியாக வைத்துவிட்டால் மேலே இருக்கும் காற்றில் உள்ள ஈரம் ராத்திரிக் குளிரில் உள்சுவரில் வேர்த்து வழியும். ஜனவரியில் மூடுபனி நாட்களில் இது கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். மழைக்காலம் முழுவதும் மொட்டைமாடி அறையில் கிடந்த கேன் என்றால் கேட்கவே வேண்டாம்.

உருண்டை வகை ஹீட்டரில் இதெல்லாம் இன்னும் எளிது, வால்வு கிடையாது, கவிழ்க்கும் டேங்க் கிடையாது. எண்ணெய் ஊற்றும் வாயில் உள்ள சல்லடையைக் கழுவி, டேங்கை முழுக்க உறிஞ்சி எடுத்து, ஒரு பக்கமாகச் சாய்த்து மிச்சத்தையும் எடுத்தால் முடிந்தது. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். இந்த வகையில் எண்ணெய் குறையக் குறையத் திரி அதிக உயரம் இழுக்க வேண்டும், அதனால் டேங்க் கால்வாசிக்கு வந்ததும் தீ கொஞ்சம் குறைவது இயல்பு. அதைக் கோளாறு என்று நினைத்து எதையும் கழற்றாதீர்கள்.

இப்போது திரி

பர்னர் கூண்டைத் தூக்கி எடுத்துவிட்டு, நாபைத் திருகித் திரியை முழு உயரத்துக்கு ஏற்றுங்கள். இரண்டு விரலால் சுற்றிலும் கிள்ளிப் பாருங்கள். நல்ல திரி மெத்தென்று எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். கருப்பாக, விறைப்பாக, நகத்தால் தட்டினால் சத்தம் வருகிற மாதிரி இருந்தால் தார் கட்டியிருக்கிறது, எண்ணெய் அதைத் தாண்டி மேலே வராது. ஒரு பக்கம் மட்டும் விறைப்பாக இருந்தால் தீயும் அந்தப் பக்கம்தான் படுத்திருக்கும், பொருத்திப் பாருங்கள்.

எண்ணெய் ஏறுகிறதா என்று உறுதியாகத் தெரிய, டிஷ்யூவால் திரியின் நுனியை நன்றாக ஒற்றி உலர்த்திவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். மறுபடி ஒற்றினால் எண்ணெய் பட வேண்டும். பட்டால் எண்ணெய்ப் பாதை முழுக்கச் சரி, கோளாறு வேறு எங்கோ இருக்கிறது. பர்னர் கூண்டு நேராக உட்காராமல் இருக்கலாம், அதைக் கைப்பிடியைப் பிடித்து இடமும் வலமும் இரண்டு முறை ஆட்டினால் உட்கார்ந்துவிடும். பற்றவே இல்லை என்றால் பேட்டரி தீர்ந்திருக்கும், தீக்குச்சியால் பற்றவைத்துப் பாருங்கள், பற்றினால் எண்ணெயைக் குறை சொல்ல முடியாது.

தார் கட்டிய திரிக்கு வைத்தியம் அதை எரித்துச் சுத்தம் செய்வது. ஆனால் எரியும் நுனி கண்ணாடி இழையில் செய்த திரிக்கு மட்டும்தான் இது பொருந்தும். முழுக்கப் பருத்தித் திரியை இப்படி எரித்தால் திரியே சாம்பலாகிவிடும், அதற்கு நுனியைச் சமமாக வெட்டுவதோடு சரி. கண்ணாடி இழை என்று எப்படித் தெரியும்? நுனி வெள்ளையாக, கொஞ்சம் மினுமினுப்பாக, கீழே உள்ள பருத்தித் துணியோடு தைத்த கோடு தெரியும். கண்ணாடி இழையை வெட்டக் கூடாது, வெட்டினால் உயரம் குறைந்து பிரயோஜனம் இல்லாமல் போகும்.

எரிக்கும் முறை இது. ஹீட்டரை ஆறியிருக்கும்போதே பால்கனிக்கு எடுத்துச் செல்லுங்கள், துணி காயப்போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். கழற்றும் டேங்கை வெளியே எடுத்து வைத்துவிட்டு, கீழ்த்தொட்டியில் இருக்கும் மிச்சத்தில் பற்றவையுங்கள். எண்ணெய் தீரத் தீரத் தீ தாழும், அப்போது திரியைக் கொஞ்சம் கொஞ்சமாக முழு உயரத்துக்கு ஏற்றுங்கள். கடைசியில் திரியின் விளிம்பில் சின்னச் சின்னச் செம்பொறிகள் ஓடி தானாக அணையும். நாற்றம் பிடுங்கும், பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. ஆறிய பிறகு பிரஷ்ஷால் வெள்ளைச் சாம்பலைத் தட்டிவிடுங்கள். விறைப்பு முழுக்கப் போகவில்லை என்றால் இன்னொரு முறை செய்யலாம். அதற்கும் மசியாவிட்டால் திரியை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

தண்ணீர் குடித்த திரி வேறு கதை. பருத்திப் பகுதி ஒருமுறை தண்ணீரில் நனைந்துவிட்டால் எண்ணெயை இழுக்காது, தீயில் சடசடவென்று பொரியும் சத்தம் வரும், அப்புறம் படுத்துவிடும். இதற்குத் திரியைக் கழற்றி, காகிதத்துக்கு நடுவில் வைத்துப் பிழிந்து, வெயில் வருகிற நாளாகப் பார்த்து மொட்டைமாடியில் முழுசாக உலர்த்த வேண்டும். ஸ்பிரிட் ஊற்றித் தண்ணீரைப் போக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், தீயோடு வேலை செய்யும் சாமானில் அந்தக் குறுக்குவழி வேண்டாம்.

புதுத் திரி வாங்கும்போது 'ஜப்பான் ஹீட்டர் திரி' என்று கேட்டால் எதையாவது எடுத்துக் கொடுப்பார்கள். ஹீட்டரின் பின்பக்க மாடல் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பழைய திரியின் உள்விட்டம், தடிமன், மொத்த உயரம் மூன்றையும் அளந்து வையுங்கள். தடிமன் ஒரு மில்லிமீட்டர் கூடினால் நாப் திரும்பாது, குறைந்தால் இடுக்கில் தீ கீழே இறங்கும். பொருத்தும்போது திரியின் வால்கள் மடங்காமல் தொட்டியின் அடி வரை தொங்குகின்றனவா என்று பாருங்கள். பொருத்தி எண்ணெய் ஊற்றியதும் ஒரு மணி நேரம் ஊறவிட்டுத்தான் முதல் முறை பற்றவைக்க வேண்டும். அவசரப்பட்டுக் காய்ந்த திரியைக் கொளுத்தினால் முதல் நாளே கருகிவிடும்.

திரியை மாற்றிய கையோடு இன்னொரு சோதனை. எரியாத ஹீட்டரில் திரியை ஏற்றிவைத்து, ஹீட்டரை லேசாகத் தட்டி ஆட்டுங்கள். ஆடினால் தானாக அணைக்கும் பொறி வேலை செய்து திரி டபக்கென்று கீழே விழ வேண்டும். தார் கட்டிய திரி இந்த இடத்தில் பிடித்துக்கொண்டு இறங்காமல் நிற்கும், நில அதிர்வு வந்தாலும் குழந்தை தட்டிவிட்டாலும் அணையாது. எண்ணெய்க் கோளாறை விட இது பெரிய கோளாறு, விழவில்லை என்றால் பற்றவைக்காதீர்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் கிட்டத்தட்ட 9.7 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம் வரும். ஹீட்டரின் மேல் 2.4 கிலோவாட் என்று போட்டிருந்தால் மணிக்குக் கால் லிட்டர் பிடிக்கும், 4 லிட்டர் டேங்க் முழுத் தீயில் 16 மணி நேரம். முழுத் தீயில் வைத்தும் 24 மணி நேரம் வந்தால் சந்தோஷப்படாதீர்கள், எண்ணெய் ஏறவில்லை. பத்து மணி நேரத்தில் தீர்ந்தால் எங்கோ கசிகிறது.

எண்ணெய் குறைந்து சோம்பலாக எரிகிற தீக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. சரியாக எரியாத தீதான் கார்பன் மோனாக்சைடை அதிகம் விடும். மேலே உள்ள கூண்டு சிவந்து தணல் பிடிக்காமல் மஞ்சளாகத் தீ நாக்கு நீண்டால் அணைத்துவிடுங்கள், 'எரியுதே, போதும்' என்று விடாதீர்கள். நன்றாக எரிந்தாலும் ஜன்னலை இரண்டு அங்குலம் திறந்தே வையுங்கள், தூங்கப் போகும்போது கட்டாயம் அணையுங்கள். மூடிய அறையில் அங்கீட்டி (கரி கணப்பு) வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தி இங்கே குளிர்காலம்தோறும் வருகிறது. தலைவலி, குமட்டல், காரணமில்லாத அசதி, இதில் எது வந்தாலும் எல்லாரையும் வெளியே கூட்டிப் போங்கள். வீட்டில் ஆஸ்துமா இருக்கிறவர்கள் இருந்தால் இந்த ஹீட்டரே வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம்.

தீ கட்டுக்கு மீறி எழும்பினால் நாபை இறக்குங்கள், கைக்கு எட்டாவிட்டால் விடுங்கள். ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். பவுடர் தீயணைப்பான் இருந்தால் அடியுங்கள், இல்லையென்றால் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து 101ஐக் கூப்பிடுங்கள்.

மற்ற வகைகள், சுருக்கமாக

பம்ப் அடிக்கும் ஹீட்டர் நம் பழைய பம்ப் ஸ்டவ்வின் அண்ணன்தான். பம்ப் அடித்தும் அழுத்தம் ஏறவில்லை என்றால் தோல் வாஷர் காய்ந்திருக்கும், கழற்றி இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு விரலால் விரித்து மாட்டுங்கள். பம்ப் கைப்பிடி தானாக மேலே எழும்பினால் அடியில் உள்ள வால்வு எண்ணெயைத் திருப்பி விடுகிறது, அதை மாற்ற வேண்டும். தீ ஒரு பக்கம் சீறினால் நிப்பிளின் துளையில் கரி, ஸ்டவ் பின் வைத்துக் குத்தினால் போதும். மஞ்சளாகப் பாய்ந்தால் போதுமான அளவு சூடேற்றாமல் திறந்துவிட்டீர்கள்.

புகாரியில் எண்ணெய் மேலிருந்து குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கும். சொட்டு நின்றால் குழாயில் காற்று அடைத்திருக்கும், அல்லது அடுப்புக்குள் நுழைகிற வாயில் கரி கட்டியிருக்கும். முக்கியமான விஷயம், அணைந்த புகாரியில் எண்ணெய் தேங்கியிருக்கும்போது சூட்டோடு மறுபடி பற்றவைக்காதீர்கள். தேங்கிய எண்ணெய் ஆவியாகி ஒரேயடியாகப் பிடிக்கும்.

கரண்டில் ஓடும் ஃபேன் வைத்த ஜப்பான் ஹீட்டர் என்றால் அது 100 வோல்ட் சாமான், நம் 230இல் நேராகச் சொருகினால் போர்டு போய்விடும், டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதில் நீங்கள் கை வைக்கக்கூடியது டேங்க் வலையும் கீழ்ச் சல்லடையும் மட்டும்தான், உள்ளே இருக்கும் எண்ணெய் பம்பைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள்.

மார்ச்சில் எடுத்து வைக்கும்போது

ஹோலிக்குப் பிறகு இனி வேண்டாம் என்று தெரிந்ததும் டேங்க், கீழ்த்தொட்டி இரண்டையும் முழுக்கக் காலி செய்யுங்கள். கண்ணாடி இழைத் திரியாக இருந்தால் மேலே சொன்ன மாதிரி எரித்துச் சுத்தம் செய்துவிட்டு, சாம்பலைத் தட்டி, திரியைக் கீழே இறக்கி வையுங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள், உள்ளேயே விட்டால் மழைக்காலத்தில் பொங்கி ஸ்பிரிங்கை அரித்துவிடும். மிஞ்சிய எண்ணெயை அடுத்த வருஷத்துக்கு என்று பத்திரப்படுத்த வேண்டாம், மே மாத வெயிலுக்கு அது தாங்காது. சைக்கிள் செயின், துருப்பிடித்த போல்ட், பெயின்ட் பிரஷ் என்று துடைக்கப் பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள், சாக்கடையில் மட்டும் ஊற்றாதீர்கள். மூடியின் ரப்பர் வாஷர் ஒன்றும் திரி ஒன்றும் கோடைக்காலத்திலேயே வாங்கி வைத்துக்கொண்டால் நல்லது, டிசம்பரில் கேட்டால் கடைக்காரர் சொன்னதுதான் விலை.